தோள் தொட்ட காதும் வெளுத்த முகமும்: பெண்ணழகின் அளவுகோல் மாறிவந்த விதம்

ராமநாதபுரம் கடலோரத்து ஊர்களில் எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன்பு எடுத்த குடும்பப் புகைப்படங்களைப் பார்த்தால், நடுவில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் மூத்த பெண்களின் காது மடல்கள் தோள்வரை இறங்கியிருப்பதையும், அவற்றில் தண்டட்டியோ பாம்படமோ கனமாகத் தொங்குவதையும் பல வீடுகளில் காணலாம். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் மகள்களின் காதில் சிறிய தோடுதான் இருக்கும். அந்த மகள்களின் பிள்ளைகளுக்கோ பாட்டியின் காது ஒரு வேடிக்கைப் பொருளாகிவிட்டது. ஆனால் அந்தப் பாட்டியைப் பெண் பார்க்க வந்த நாளில், காது வளர்க்காமல் விட்டிருந்தால் அதுதான் குறையாகப் பேசப்பட்டிருக்கும். மூன்று தலைமுறைக்குள், ஒரே வீட்டுக்குள், ஒரே உறுப்பைப் பற்றிய தீர்ப்பு எப்படித் தலைகீழாகிறது என்பதைப் புரிந்துகொண்டால், அழகின் அளவுகோல் என்று சொல்லப்படுவது என்ன என்பதும் புரிந்துவிடும்.

ஒரு சமூகம் ஒரு காலத்தில், பெண்ணின் நிறம், உடல்வாகு, கூந்தல், நகை, நடை ஆகியவை இன்னவாறு இருக்க வேண்டும் என்று எழுதி வைக்காமலே ஒப்புக்கொண்டிருக்கும் விதிகளைத்தான் அழகின் அளவுகோல் என்கிறோம். இது தனி மனிதரின் விருப்பத்திலிருந்து வேறுபட்டது. ஒருவருக்குச் சுருட்டை முடி பிடிக்கும், இன்னொருவருக்குப் பிடிக்காது. அதனால் யாருக்கும் நட்டமில்லை. அளவுகோலிலிருந்து விலகினால் அப்படியல்ல, அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும். "பெண் நல்ல பெண்தான், நிறம் கொஞ்சம் மட்டு" என்று சொல்லிவிட்டுப் பவுன் கணக்கைக் கூட்டிக் கேட்கும் சம்பந்தப் பேச்சு அந்த விலையின் வெளிப்படையான வடிவம். பள்ளி ஆண்டு விழாவில் சிவந்த பிள்ளைக்கு இளவரசி வேடமும் கறுத்த பிள்ளைக்குத் தோழி வேடமும் கிடைப்பது அதன் சிறிய வடிவம்.

இந்த விதிகள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஆனாலும் பெரும்பாலான இடங்களில் பொருந்திவரும் ஒரு விடை உண்டு: எது எளிதில் கிடைக்காததோ, எதற்குப் பொன்னோ ஓய்வோ நிழலோ தேவைப்படுகிறதோ, அதுவே அழகாகிறது. அந்த அரிய பொருள் எல்லாருக்கும் கிடைக்கத் தொடங்கும்போதோ, மதிப்பு வேறு இடத்துக்கு நகரும்போதோ அளவுகோலும் நகர்ந்துவிடுகிறது. நம் கடற்கரையின் வரலாற்றையே எடுத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

காது வளர்ப்பது ஓரிரு நாளில் முடிகிற வேலையன்று. கைக்குழந்தைப் பருவத்திலேயே மடலில் துளையிட்டு, புண் ஆறியதும் பஞ்சுத் திரியைச் செருகி, திரியின் பருமனைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். பனை மரங்களுக்குக் குறைவில்லாத இந்தச் சீமையில் அடுத்த கருவி பனை ஓலை. இறுகச் சுருட்டிச் செருகிய ஓலை விரியப் பார்க்கும், விரியும்போது துளையும் அகலும். பிறகு ஈயத்தில் செய்த குணுக்கைத் தொங்கவிட்டால் அதன் எடை மடலைக் கீழே இழுக்கும். பல ஆண்டுகள் சென்று, தாங்கும் பக்குவம் வந்தபின் பொன் நகை ஏறும். பாம்படம் பொன் தகட்டால் செய்து உள்ளே அரக்கு நிரப்பிய நகை. உருண்டையும் சதுரமும் முக்கோணமுமாக இணைத்த அதன் வடிவங்களை இன்று பார்ப்பவர்கள் நவீன சிற்பம் என்றே எண்ணக்கூடும். ஒரு பெண்ணின் நீண்ட காது, அவளுடைய வீட்டில் அவ்வளவு பொன் உண்டு என்பதையும், அவளைப் பெற்றவர்கள் அவள் பிறந்த நாள் முதலே அதற்காகத் திட்டமிட்டார்கள் என்பதையும் ஊருக்குச் சொல்லிவிடும். வங்கியில் பெட்டகம் இல்லாத காலத்தில் அது அழகாகவும் இருந்தது, சேமிப்பாகவும் இருந்தது.

அந்த அளவுகோல் தேய்ந்ததற்கும் காரணங்கள் தெளிவானவை. கழுத்துச் சங்கிலியும் தோடும் பட்டணத்து நாகரிகத்தின் அடையாளமாயின. பள்ளிக்குப் போன பெண்கள் வளர்த்த காதோடு வகுப்பில் உட்காரக் கூசினார்கள். திருட்டுப் பயம் வேறு இருந்தது, ஏனெனில் பாம்படத்தைப் பறிப்பவன் காதையும் சேர்த்துக் கிழித்துவிடுவான். இளையவர்களில் பலர் மருத்துவமனையில் மடலை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள், பாம்படங்கள் உருகிச் சங்கிலிகளாயின. பொன்மீது இருந்த மதிப்பு கொஞ்சமும் குறையவில்லை. காதிலிருந்து கழுத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். கீழக்கரை போன்ற ஊர்களில் முஸ்லிம் மூதாட்டிகள் காது மடலின் ஓரம் முழுவதும் வரிசையாகத் துளையிட்டு வளையங்கள் அணிந்த வழக்கமும் அடுத்த தலைமுறையில் அருகிப்போயிற்று.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் வியப்புக் கூடுகிறது. சங்கப் பாடல்களில் பெண்ணின் நிறத்துக்கு உரிய புகழ்ச்சிச் சொல் மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரையாசிரியர்கள் அதை விளக்குவார்கள். மாமரம் துளிர்விடும் காலத்தில் கொழுந்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் செம்பும் பழுப்பும் கலந்த மினுமினுப்பு தெரியும். குறுந்தொகையின் 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார் படைத்த தலைவி, கன்றும் குடிக்காமல் கலத்திலும் கறக்கப்படாமல் தரையில் சிந்தி வீணாகும் பாலைப்போல், தன் மாமை அழகு தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாகிறது என்று வருந்துகிறாள். பசலை என்பது பிரிவுத் துயரால் மேனி வெளிறிப்போவது. அதைப் பீர்க்கம்பூவின் நிறத்துக்கு ஒப்பிட்ட பாடல்களும் உண்டு. திருக்குறளில் அந்த நிலைக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அதாவது அந்தக் கவிதை உலகத்தில் பெண்ணின் மேனி வெளுப்பது அழகு கூடுவதன்று. அழகு கெடுவதன் முதல் அறிகுறி. இன்று வெளுப்பதற்குப் பணம் கொடுத்துக் கிரீம் வாங்குகிறோம் என்பதை நினைத்தால், இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி சற்றே உறைக்கிறது.

மெலிவைப் பற்றியும் அந்தப் பாடல்கள் இப்படித்தான் பேசுகின்றன. மூங்கில் போன்ற பணைத்த தோள் அழகு. பிரிவால் தோள் மெலிந்து வளை கழன்று விழுவது துயரத்தின் அடையாளம். அந்த வளை எதனால் ஆனது என்று கேட்டால் விடை நம் கடலுக்குள் இருக்கிறது. சங்கை அறுத்துச் செய்த ஒளிரும் வளை நெகிழ்வதைக் குறுந்தொகையின் 11ஆம் பாடல் தொடக்கத்திலேயே சொல்கிறது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் மூழ்கி எடுத்த சங்குதான் அந்த வளைக்கு மூலப்பொருள். வைகை கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில் உள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில், ரோமானியர் தொடர்பைக் காட்டும் பொருள்களோடு சங்கு வளையல்களும் மணிகளும் கிடைத்துள்ளன. பிற்காலத்தில் இங்கே எடுத்த சங்குகள் வங்காளத்துக்குப் போயின. அங்கே திருமணமான இந்துப் பெண்ணின் கையில் வெண்சங்கு வளையல் இன்றும் சுமங்கலி அடையாளம். ஆனால் சங்கு குளித்த கடற்கரையில் கண்ணாடி வளையலும் பொன் வளையலும் வந்தபின், சங்கு வளையல் போட்ட மணப்பெண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒரே கடல், ஒரே சங்கு. ஓரிடத்தில் மணமகளின் கட்டாய அணி, இன்னோரிடத்தில் கோயில் கடைத்தெருவில் வாங்கும் நினைவுப் பொருள். அளவுகோல் காலத்தோடு மட்டுமன்றி இடத்தோடும் மாறும் என்பதற்கு இதைவிட அருகில் இருக்கும் சான்று நமக்கு வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சங்கப் பாடல்கள் கவிஞர்கள் வகுத்த மரபுக்கு உட்பட்டவை. அன்றைய பரதவர் குடியிருப்பில் எந்தப் பெண்ணை யார் அழகி என்றார்கள் என்பதற்கு அவை நேரடிக் கணக்கு அல்ல. மாமையைப் பாராட்டிய அந்தக் கவிதைகள் சிறுத்த இடைக்கும், ஐந்து வகையாக முடிக்கும் அளவுக்கு அடர்ந்த கூந்தலுக்கும் கறாராகவே அளவு வைத்திருந்தன. பழங்காலத்தில் பெண்கள் எந்த அளவுகோலுக்கும் உட்படாமல் இருந்தார்கள் என்று யாராவது பெருமை பேசினால் நம்ப வேண்டாம். ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில் சேதுபதிகள் காலத்து ஓவியங்களில் வரும் பெண்களும் ஒரே அச்சில் வார்த்தவர்களாகத்தான் தெரிகிறார்கள்: பக்கவாட்டு முகம், பெரிய கண், கொண்டை, உடம்பு நிறைய நகை. அரண்மனை எதை ரசித்ததோ அதை ஓவியர் வரைந்தார்.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நம் ஊர்ப் பெண்களின் ஒப்பனைப் பொருள்கள் மஞ்சள், மருதாணி, கண் மை, தேங்காய் எண்ணெய், பூ என்ற சிறிய பட்டியலுக்குள் அடங்கின. கையில் கோல வடிவத்தில் பச்சை குத்திக்கொள்வது பல சமூகங்களில் அழகு. மஞ்சள் பூசிக் குளித்த முகம் மங்கலம்; கறுத்த மேனியில் மஞ்சள் படிந்த பொலிவுக்கு என்றே ஒரு ரசனை இருந்தது.

அப்படியானால் வெள்ளைத் தோல் எப்போது முன்னுக்கு வந்தது? எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன்மீது போட்டுவிடுவது எளிது. அது பாதி உண்மைதான். வயலிலும் கடலிலும் உழைப்பவர் கறுப்பதும், நிழலில் இருந்து கணக்குப் பார்ப்பவர் வெளுத்திருப்பதும் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே சாதியையும் சொத்தையும் அடையாளம் காட்டின. ஆட்சியாளரின் நிறமும் வெளுப்பாக அமைந்தபோது அந்த எண்ணம் உறுதிப்பட்டது. அதன்பின் அச்சு வந்தது. ரவி வர்மா 1894இல் தொடங்கிய அச்சகத்திலிருந்து வெளிவந்த வண்ணப் படங்களும், அவற்றைப் பின்பற்றிய காலண்டர்களும், ரோஜா நிறக் கன்னத்தோடு லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுச் சுவரில் மாட்டின. நாள்தோறும் கும்பிடும் முகம் அந்த நிறத்தில் இருந்தால், மருமகளும் அந்த நிறத்தில் வேண்டும் என்ற ஆசை வருவதில் வியப்பில்லை.

வெயிலும் உழைப்பும் நிறத்தோடு எப்படிப் பிணைந்தன என்பதை ஐரோப்பாவின் வரலாறு மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. அங்கே பெரும்பாலோர் வயலில் உழைத்த நாள்களில் சீமாட்டிகள் வெயில் படாமல் வெளிறியிருப்பதுதான் அழகு. தொழிலாளர்கள் ஆலைக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் அடைபட்டு வெளிறத் தொடங்கியபின், கடற்கரையில் விடுமுறை கழிக்க வசதி உள்ளவர்கள் மட்டுமே வெயிலில் பழுக்க முடிந்தது. 1920களில் பழுத்த தோல் அங்கே நாகரிகமாயிற்று. தோல் அதே தோல்தான். வெயிலில் நிற்பவர் யார் என்பது மாறியதும் தீர்ப்பு மாறிவிட்டது. அரியமான் கடற்கரையிலோ தனுஷ்கோடியிலோ வெளிநாட்டுப் பயணிகள் வெயிலைத் தேடிப் படுத்திருக்க, அதே சாலையில் நம் பெண்கள் கண் மட்டும் தெரிய முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு, கைக்கு உறையும் போட்டு ஸ்கூட்டர் ஓட்டிப் போவதை எவரும் பார்க்கலாம்.

நம்மிடம் அந்தத் திருப்பம் இன்னும் வரவில்லை, ஏனெனில் இங்கே வெயிலில் நிற்பது இன்றும் கூலிக்காக நிற்பதுதான். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாருபவர்களை எண்ணிப் பாருங்கள். அடியில் உப்பின் வெண்மை, மேலே சூரியன், இரண்டும் கண்ணைப் பறிக்கும். பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடிப் பக்கத்துப் பெண்கள் தீவுகளைச் சுற்றிய ஆழமற்ற கடலில் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, சேலைக்கு மேல் சட்டை போட்டு மூழ்கிப் பாசி பறிக்கிறார்கள். மரிக்கொழுந்து என்று அவர்கள் சொல்லும் பாசியிலிருந்து அகர் எடுக்கப்படுகிறது. கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் கிடைக்கிறது. கடற்பாசியிலிருந்து பிரியும் இத்தகைய பொருள்கள் பற்பசை, லோஷன், முகப் பூச்சு முதலியவற்றைக் கெட்டிப்படுத்தப் பயன்படுகின்றன. உப்பு நீரிலும் வெயிலிலும் கறுத்த கைகள் பறிக்கும் பாசி, கறுப்பைப் போக்கும் என்று விளம்பரம் செய்யும் தொழிலுக்குப் பயன்படுகிற வேடிக்கையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

தோலின் அறிவியலையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிறத்தைத் தரும் மெலனின் என்னும் நிறமியை உருவாக்கும் செல்கள் எல்லா மனிதர்களிடமும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் உள்ளன; அவை எவ்வளவு மெலனினை, எந்த வகையில் உண்டாக்குகின்றன என்பதில்தான் வேறுபாடு. புற ஊதாக் கதிர்களின் தாக்குதலிலிருந்து தோலைக் காக்கும் கவசம் அது. பூமத்திய ரேகைக்கு அருகில், ஆண்டு முழுவதும் வெயில் காயும் கடற்கரையில் கறுத்த தோல் இருப்பது குறை அன்று. இடத்துக்கு ஏற்ற காப்பு.

உடல்வாகின் கதை இதைவிடச் சுருக்கமானது. பஞ்சமும் பட்டினியும் பழகிப்போன ராமநாதபுரம் சீமையில் பூசினாற்போன்ற உடம்பு, வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்பதன் சான்று. 1950களிலும் 60களிலும் கோலோச்சிய சாவித்திரி போன்ற நடிகைகளின் உடல்வாகு அந்த ரசனைக்குப் பொருந்தியது. ரேஷன் அரிசியும் உட்கார்ந்த வேலையும் வந்து சதை போடுவது எளிதானபின், மெலிந்த உடம்புதான் காசு செலவழித்து அடைய வேண்டிய அரிய பொருளாகிவிட்டது.

அளவுகோலைப் பரப்பிய கருவிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கடந்த அரை நூற்றாண்டின் வேகம் அவற்றால் வந்தது. நம் கரையில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையத்தைப்போலத் தெளிவாகக் கேட்டது. திரைப்பாடல்களுக்கு இடையில் விளம்பரங்களும் வீட்டுக்குள் வந்தன. 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தது. கடலூரில் தொடங்கிய ஷாம்பு பாக்கெட் முறை பிற பொருள்களுக்கும் பரவியபின், ஒரு பாட்டில் வாங்க வழியில்லாத மீனவக் குடியிருப்பிலும் பெட்டிக்கடைக் கயிற்றில் அழகுப் பொருள் சரஞ்சரமாகத் தொங்கிற்று. வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்களின் பெட்டிகளில் வாசனைத் திரவியமும் கிரீமும் வந்தன. 1991க்குப் பின் சந்தை திறந்துவிடப்பட்டது. 1994இல் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியாகவும் ஐஸ்வர்யா ராய் உலக அழகியாகவும் தேர்வு பெற்றார்கள். அழகுநிலையம் மாவட்டத் தலைநகரிலிருந்து சிற்றூர்களுக்கு நகர்ந்தது. புகைப்பட நிலையத்தில் பென்சிலால் நெகட்டிவைத் திருத்திய காலம் போய், இன்றைய கைப்பேசி யாரும் கேட்காமலே தோலை வெளுப்பாக்குகிறது, மூக்கைச் சுருக்குகிறது, தாடையைக் கூராக்குகிறது. முன்பு கண்ணாடியில் தெரிந்த முகத்தை நடிகையின் முகத்தோடு ஒப்பிட்டார்கள். இப்போது ஒரு பெண் தன் முகத்தைத் திருத்தப்பட்ட தன் முகத்தோடேயே ஒப்பிட்டுத் தோற்கிறாள். இதுவே புதிய நிலைமை என்பது என் எண்ணம்.

அளவுகோலை எதிர்த்த குரல்களும் எழாமல் இல்லை. கறுப்பும் அழகே என்ற பரப்புரையைச் சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்கள் அமைப்பு 2009இல் தொடங்கியது. நிறத்தின் காரணமாக ஒருவரைத் தோல்வியுற்றவராகவோ கவர்ச்சியற்றவராகவோ விளம்பரங்களில் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014இல் நெறிமுறை வகுத்தது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. "சிவப்பு" போய்ப் "பொலிவு" வந்திருக்கிறது. பெட்டியின்மீது சிரிக்கும் முகம் மட்டும் கறுக்கவில்லை. நம் வீடுகளிலும் இதே நிலைதான். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று பாராட்டுவதாக நினைத்துச் சொல்கிறோம். அந்த "இருந்தாலும்" போகும்வரை அளவுகோல் அசையவில்லை என்றுதான் பொருள்.

கடைசியாக, இந்த அளவுகோல் உடம்புக்குள் இறங்கும் இடம். சில வெளுப்பாக்கும் கிரீம்களில் பாதரசம் கலக்கப்படுகிறது. மெலனின் உருவாவதை அது தடுக்கும், தோல் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகப் பாதிப்போடு வந்தவர்கள் சிலரிடம் மருத்துவர்கள் விசாரித்தபோது, தயாரிப்பாளர் விவரம் சரியாக இல்லாத இத்தகைய கிரீம்களைப் பயன்படுத்தியது தெரியவந்தது. வேறு சில கிரீம்களில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருக்கும். மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய அவற்றைச் சிவப்பழகு கிரீம் என்று பெயர் சொல்லி வாங்கி மாதக்கணக்கில் பூசினால், முதலில் முகம் பளிச்சென்று தெரியும்; பிறகு தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்து, பருவும் தேவையற்ற முடியும் தோன்றும். எனவே வாங்கும் முன் பெட்டியில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், சேர்மானப் பட்டியல் ஆகியவை உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே நெடுநாள் பூசிவந்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்தே பலர் மீண்டும் அதே கிரீமுக்குத் திரும்புகிறார்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகில் உள்ள தோல் மருத்துவரிடமோ அந்தக் குழாயையும் கையோடு எடுத்துச் சென்று காட்டினால், எந்த அளவில் குறைத்து எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள்.